இரத்த வங்கியின் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது, ஒரு பிளேன்டீயோடு வாசியுங்கள்.

நம்ம பக்கத்துப் பள்ளிவாசல் பிள்ளைகளும் கோயில் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு இரத்ததான முகாம் வைக்கக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி எழும்பிக் கேட்டார்: "சேர், ஹோர்மோன் மருந்து எடுக்கிற ஒரு திருநங்கை இரத்தம் குடுக்கலாமா?" ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை.

அவருக்கு நான் அங்கேயே சொன்ன பதில் இரண்டு வரி. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே நாற்பது வருசத்துச் சரித்திரம் கிடக்கிறது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். அந்தக் கேள்வி உண்மையில் இரண்டு கேள்வி. உடம்பில் ஏறியிருக்கும் மருந்து, இரத்தத்தை வாங்கும் நோயாளிக்குக் கெடுதல் செய்யுமா என்பது ஒன்று. இப்படியான மனிதரின் இரத்தத்தை வாங்கலாமா என்பது மற்றது. முதலாவது மருத்துவம். இரண்டாவது பெரும்பாலும் பயம். நாற்பது வருசமாக உலகம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

"யாருடைய இரத்தம்" என்ற கேள்வி எயிட்ஸ் வருவதற்கு முன்பே இருந்தது. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் இரத்த வகைகளைப் பற்றி எழுதினார். அவர் பிறந்த ஜூன் 14-ஐத்தான் இன்று உலகம் இரத்த தானம் செய்வோர் தினமாகக் கொண்டாடுகிறது. வகை பொருந்தினால் போதும், தோல் நிறம் பொருந்த வேண்டியதில்லை என்பது அப்போதே விஞ்ஞானத்துக்குத் தெரியும். ஆனாலும் 1941-இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் யுத்தத்துக்கு இரத்தம் சேர்க்கத் தொடங்கியபோது முதலில் கறுப்பின மக்களின் இரத்தத்தை வேண்டாம் என்றது. பிறகு வாங்கியது, ஆனால் போத்தலில் தனியாகக் குறியிட்டு வைத்தது. அந்த வழக்கம் 1950 வரை போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், பிளாஸ்மாவைப் பெரிய அளவில் சேர்த்துப் பாதுகாக்கும் முறையை அந்த நாட்டுக்கு ஒழுங்குபடுத்திக் கொடுத்த டொக்டர் சார்ள்ஸ் ட்ரூ ஒரு கறுப்பினத்தவர்.

எயிட்ஸ் கதை அப்படி இல்லை. அங்கே பயத்துக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது.

1981-இல் அமெரிக்காவில் முதல் நோயாளிகள் பதிவானார்கள். அடுத்த வருசமே ஹீமோபீலியா உள்ளவர்களுக்கும் அந்த நோய் வரத் தொடங்கியது. காயம் பட்டால் இரத்தம் உறையாத நோய் அது. அவர்களுக்குக் கொடுக்கும் மருந்து ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து செய்யப்பட்டது. ஒருவரிடம் வைரஸ் இருந்தாலும் அந்தக் கலவை முழுதும் நஞ்சு. ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன சின்னப் பிள்ளைகள் செத்தார்கள். வைரஸைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை 1985 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன்பு, 1983-இல், ஆபத்து அதிகமுள்ள பிரிவினர் இரத்தம் கொடுக்காமல் விலகி இருங்கள் என்று கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த நேரத்தில் நான் அங்கே வைத்தியராக இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. 1985-இல் விதி இறுகியது. 1977-க்குப் பிறகு ஒரே ஒரு தடவையாவது இன்னொரு ஆணோடு உறவு வைத்த ஆண், ஆயுள் முழுக்க இரத்தம் கொடுக்க முடியாது. திருநங்கைகளைப் பிறப்பில் ஆண் என்று எண்ணி அதே கட்டத்துக்குள் போட்டார்கள். பரிசோதனை வந்தது, நன்றாக முன்னேறியது, விதி மட்டும் முப்பது வருசம் அசையவில்லை. அவசரத்துக்குப் போட்ட கூடாரம் நிரந்தர வீடாகிவிடும் கதை நம்ம லயத்துக் காம்பராக்களில் வாழ்ந்தவர்களுக்குப் புதிதில்லை.

இனி நம்ம மொழி பேசும் ஊருக்கு வருவோம். 1986-இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி, தன் பேராசிரியர் சுனிதி சொலமன் சொன்னதற்காக ஒரு ஆய்வு தொடங்கினார். இந்தியாவில் எயிட்ஸ் இல்லை, அது வெளிநாட்டு வியாதி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழிலாளிப் பெண்கள் சுமார் 80 பேரிடம் அவர் இரத்தம் எடுத்தார். வைக்க இடமில்லாமல் மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாராம். பிறகு இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி இருந்தது. இந்தியாவில் அந்த வைரஸ் இருக்கிறது என்று தெரியவந்தது அந்த ஆறிலிருந்துதான்.

இது பெரிய வேலை. அந்த அம்மாவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தக் கூட்டத்தில் தேடினார்களோ அந்தக் கூட்டத்தில்தான் கிடைத்தது. கிடைத்த பிறகு, நோய் அந்தக் கூட்டத்துக்கே சொந்தம் என்று நாடு முடிவெடுத்துக்கொண்டது. அந்தப் பெண்களிடம் போய்வந்த ஆண்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களை யாரும் பட்டியலில் போடவில்லை.

அதே காலத்தில் இந்தியாவின் இரத்த வங்கிகளில் இன்னொரு பெரிய ஓட்டை இருந்தது. காசுக்கு இரத்தம் விற்பவர்கள். வறுமைப்பட்ட ஆண்கள், ஒரு இடத்தில் விற்றுவிட்டு அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் விற்பார்கள். வருத்தம் இருந்தால் மறைப்பார்கள், ஏனென்றால் சொன்னால் காசு கிடைக்காது. 'கொமன் கோஸ்' என்ற பொதுநல அமைப்பு வழக்குப் போட்டது. 1996 ஜனவரி 4-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு வருசத்துக்குள் இதை ஒழிக்கச் சொன்னது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு இரத்தம் வாங்குவது நின்றது. என்னைக் கேட்டால், இந்தியாவில் இரத்தத்தைச் சுத்தமாக்கிய பெரிய அடிகளில் இது ஒன்று. இது யாருடைய பிறப்பையும் பார்த்துப் போட்ட விதி இல்லை. மனிதனைப் பொய் சொல்ல வைக்கும் காரணத்தை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது திருநங்கைகளின் வழக்குக்கு வருகிறேன். தமிழ்நாடு 2008 ஏப்ரல் 15-இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. சரியாக ஆறு வருசம் கழித்து, 2014 ஏப்ரல் 15-இல், இந்திய உச்ச நீதிமன்றம் நல்சா வழக்கில் அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. ஆணாகவோ பெண்ணாகவோ தம்மைச் சொல்லிக்கொள்ளும் உரிமையும் உண்டு என்றது. இவ்வளவும் நடந்த பிறகு, 2017 ஒக்டோபரில் இரத்தம் கொடுப்போரைத் தெரிவுசெய்யும் புதிய வழிகாட்டல் வந்தது. அதன் 12-ஆம், 51-ஆம் பிரிவுகள் திருநங்கைகளையும் ஓரினச் சேர்க்கையில் உள்ள ஆண்களையும் பாலியல் தொழிலாளிப் பெண்களையும் ஆபத்துப் பிரிவு என்று பெயர் சொல்லி நிரந்தரமாக விலக்கின. ஒரு திருநங்கை தன் வாழ்நாளில் யாரையும் தொட்டதே இல்லை என்றாலும், அவர் திருநங்கை என்ற ஒரே காரணம் போதும்.

கொவிட் காலத்தில் இது வெடித்தது. மணிப்பூரைச் சேர்ந்த சாந்தா குராய் 2021-இல் உச்ச நீதிமன்றம் போனார். மணிப்பூரில் திருநங்கைகளை 'நுபி மான்பி' என்பார்கள். அந்தச் சமூகத்துக்காகப் பல வருசம் வேலை செய்தவர் அவர். குடும்பத்தை விட்டு வந்து ஒருவருக்கொருவர் குடும்பமாக வாழும் மக்கள் அவர்கள். ஒருவர் நோயில் விழுந்தால் இரத்தம் கொடுக்க வருவது இன்னொரு திருநங்கைதான். அவரையும் வாசலில் நிறுத்தினால் யார் கொடுப்பது? 2021 மார்ச்சில் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. விதியை உடனே நிறுத்திவைக்க மறுத்தது.

2023-இல் அரசு பதில் போட்டது. இந்தப் பிரிவினரிடையே எச்.ஐ.வி மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று கணக்குகள் காட்டுகின்றன, இரத்தம் வாங்கும் நோயாளியின் பாதுகாப்பு கொடுப்பவரின் உரிமையைவிடப் பெரியது என்பது அதன் சாரம். இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நம்ம நாட்டில் தலசீமியாப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குருநாகலில் அவர்களுக்கென்றே நிலையம் இருக்கிறது. மாசத்துக்கு மாசம் இன்னொருவரின் இரத்தத்தில் உயிர் வாழும் பிள்ளைக்கு, அது யாருடையது என்று தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. அந்தத் தாய்க்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கூட்டத்தின் சராசரியை எடுத்துத் தனி ஆளின் நெற்றியில் ஒட்டுவது பதிலாகாது. கணக்குப் பாடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே நான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்: வகுப்புச் சராசரி நாற்பது என்றால், முன்வரிசையில் இருக்கும் உன் புள்ளி நாற்பது என்று அர்த்தமில்லை. 2025 மே மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீதிபதிகளும் கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைத்தான் அரசிடம் வைத்தார்கள். ஒரு சமூகம் முழுவதையும் ஆபத்து என்று முத்திரை குத்தாமல் பாதுகாப்பையும் காப்பாற்ற வழி உண்டா என்று நிபுணர்களிடம் கேட்டு வரச் சொன்னார்கள்.

வழி உண்டா என்றால், போய்ப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. இத்தாலி 2001-லேயே கூட்டத்தைப் பார்க்கும் விதியை விட்டு, ஒவ்வொருவரின் நடத்தையையும் தனித்தனியாகக் கேட்கும் முறைக்கு மாறியது. பின்னால் நடந்த ஆய்வு, அதனால் இரத்தத்தில் தொற்று கூடவில்லை என்று காட்டியது. பிரித்தானியா 2021 ஜூன் 14 முதல் ஆண், பெண், திருநர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கிறது: புதிய துணையா, எத்தனை பேர், எப்படியான உறவு. அமெரிக்கா 2015-இல், கொடுப்பவர் தன்னை எந்தப் பாலினம் என்று சொல்கிறாரோ அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2023 மே மாதம் அதுவும் தனி ஆள் மதிப்பீட்டுக்கு வந்தது. கனடாவின் கதைதான் விசித்திரம். 2016-இல் அவர்கள், கீழ் அறுவைச் சிகிச்சை செய்யாத திருநங்கையை ஆணாகவே எண்ணினார்கள். இரத்தம் கொடுக்க வந்தவரிடம் கத்தி பட்டதா இல்லையா என்று கேட்பது என்ன மரியாதையோ தெரியாது. 2022-இல் அங்கும் நடத்தையைக் கேட்கும் முறை வந்தது.

இனி மருந்து. அந்தத் தம்பி கேட்டதில் இதுதான் முன்னால் நின்றது.

திருநங்கைகள் எடுப்பது பெரும்பாலும் ஈஸ்ட்ரஜன். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையிலும் அதே வகை ஹோர்மோன்தான். கிளினிக்கில் மிஸ்ஸி கொடுக்கும் அட்டை மாத்திரையைப் போடும் பெண்கள் உலகம் முழுக்க இரத்தம் கொடுக்கிறார்கள். ஒரு தடவை எடுப்பது 450 மில்லிலீற்றர் அளவு. அது நோயாளியின் உடம்பில் கலக்கும்போது மருந்து மிகச் சொற்பம். அதனால் ஈஸ்ட்ரஜன் என்பதற்காக மட்டும் அமெரிக்காவிலோ பிரித்தானியாவிலோ யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

கவனிக்க வேண்டிய மருந்து வேறு. ஆண் ஹோர்மோனின் வேலையைத் தடுக்கச் சிலர் ஃபினஸ்டரைட், டியூட்டஸ்டரைட் எடுப்பார்கள். இவை இரத்தத்தில் இருந்து, அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறினால், வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சி கெடலாம். அதனால் அமெரிக்காவில் முதலாவதை நிறுத்தி ஒரு மாசமும், இரண்டாவதை நிறுத்தி ஆறு மாசமும் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் இதே மருந்துகளை யார் அதிகம் எடுக்கிறார்கள் தெரியுமா? தலைமுடி கொட்டும் ஆண்களும், புரஸ்டேட் வீங்கிய பெரியவர்களும். முகாமுக்கு வரும் நம்ம மாமாக்களிடமும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

திருநம்பிகள், அதாவது பெண்ணாகப் பிறப்பு எழுதப்பட்டு ஆணாக வாழ்பவர்கள், டெஸ்டஸ்டரோன் எடுப்பார்கள். அது ஹீமோகுளோபினைக் கூட்டும். சிலருக்கு இரத்தம் தடித்துப்போகும் அளவுக்குக் கூடும், அப்போது வைத்தியர் பார்க்க வேண்டும். ஹோர்மோன் ஊசியை ஆஸ்பத்திரியில் போடாமல் நண்பர்களோடு ஒரே ஊசியைப் பகிர்ந்தால் அது வேறு விசயம். அது யார் செய்தாலும் ஆபத்து.

பிளாஸ்மாவில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பிள்ளை சுமந்த உடம்பில், குழந்தையின் அணுக்களுக்கு எதிராக எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம். அந்தப் பிளாஸ்மா ஏறும் நோயாளிக்குச் சில வேளை நுரையீரல் திடீரென்று பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்து. இதனால் பிரித்தானியா 2003 முதல் ஏற்றுவதற்கான பிளாஸ்மாவை முடிந்தவரை ஆண்களிடமிருந்து எடுத்தது. இப்போது ஒரு திருநம்பி வருகிறார், படிவத்தில் ஆண் என்று எழுதுகிறார், முன்பு ஒரு பிள்ளை பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் உள்ள பாலினத்தை மட்டும் பார்த்தால் பிழைத்துவிடும். "எப்போதாவது கர்ப்பமாக இருந்தீர்களா" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும். நோயாளியைக் காப்பாற்றுவது நேராகக் கேட்ட கேள்விதான்.

சரி, நம்ம நாடு. இரத்த தானத்தில் இலங்கைக்குத் தலைநிமிர்ந்து சொல்லும் பெயர் இருக்கிறது. 2014-இல் உலக இரத்த தானம் செய்வோர் தினத்தை நடத்திய நாடு நாம்தான். அந்த வருசத் தொனிப்பொருள் தாய்மாரைக் காப்பாற்றப் பாதுகாப்பான இரத்தம் என்பது. அதே காலத்தில் இங்கே சேரும் இரத்தம் முழுவதும் காசு வாங்காமல் கொடுக்கப்பட்டதாக மாறியது. 2019 ஏப்ரல் 21 ஞாயிறு குண்டு வெடித்த அன்று நாரஹேன்பிட்டியில் எல்லா இனத்தவரும் வரிசையில் நின்றார்கள். அதற்கடுத்த வாரங்களில் எங்கள் பெயரைப் பார்த்தே பையைத் திறக்கச் சொன்ன இடங்களும் இருந்தன. சிலர் செய்ததற்குக் கூட்டத்தையே சந்தேகிப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

நம்ம தேசிய இரத்த மாற்றுச் சேவையின் நிபந்தனைகள் எளிமையானவை. 18 வயதுக்கு மேல், 60-க்குக் கீழ். கடைசியாகக் கொடுத்து நான்கு மாசம் ஆகியிருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்கு மேல். அடையாள அட்டை. பிறகு 'ஆபத்தான நடத்தைகள்' என்று ஒரு பட்டியல். அதில் ஓரினச் சேர்க்கையாளர் என்று எழுதியிருக்கிறது, போதைப்பொருள் பாவிப்போர் இருக்கிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட துணை உள்ளவர்களும் இருக்கிறார்கள். நடத்தை என்று தலைப்புப் போட்டுவிட்டு அதன் கீழே ஒரு மனிதப் பிரிவின் பெயரை எழுதுவது மொழியளவிலேயே பொருந்தவில்லை. திருநங்கை, திருநம்பி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் முடிவு அன்று மேசையில் இருக்கும் வைத்தியரின் கேள்வியிலும் மனதிலும் தங்கியிருக்கிறது. பிரித்தானியர் 1883-இல் தந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கும் நாட்டில், அந்த மேசையில் உண்மையைச் சொல்ல ஒருவர் தயங்கினால் எப்படிக் குறை சொல்வது?

அடையாள அட்டை பற்றி ஒரு சின்னப் பாடம். கொழுந்து மலையில் அட்டை கடிக்க அட்டை கேட்பதில்லை. இரத்த வங்கி கேட்கும். நம்ம அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருசத்துக்கு அடுத்த மூன்று இலக்கம், வருசத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். ஜனவரி 1-இல் பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. அதாவது பெயரை மாற்றினாலும் உடுப்பை மாற்றினாலும் இலக்கம் பிறப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும். 2016-இல் சுகாதார அமைச்சு பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கச் சுற்றறிக்கை வெளியிட்டது. அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் திருத்தலாம். அதற்கு மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும், பல தடவை போய்வர வேண்டும். தோட்டத்தில் நாள் சம்பளத்தை விட்டுப் பஸ் ஏறிப் போகிறவருக்கு அது லேசான பயணமில்லை. 1948-இல் குடியுரிமை பறிபோய், 2003 சட்டம் வரும்வரை கடதாசிக்காக அலைந்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். சரியான கடதாசி இல்லாமல் கவுண்டருக்கு முன்னால் நிற்பது என்னவென்று நமக்குத் தெரியும்.

நம்ம பக்கத்து நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகை பழைய பிரச்சினை. பிள்ளைப்பேற்றில் இரத்தம் அதிகம் போனால் அவர்களுக்குத்தான் முதலில் இரத்தம் தேவைப்படும். அதே சோகையால், கொடுக்க ஆசைப்பட்டு வரும் எத்தனையோ அக்காமாரை 12-க்குக் கீழே என்று திருப்பி அனுப்புகிறார்கள். வாங்குபவர் அதிகம், கொடுக்கக்கூடியவர் குறைவு. இந்த நிலையில் ஆரோக்கியமான ஒரு ஆளைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புவது நமக்குக் கட்டுப்படியாகாது.

முகாமுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்குக் கடைசியாக. மருந்தை மறைக்காதீர்கள். பெட்டியையோ சீட்டையோ கொண்டுவாருங்கள், மருந்தின் பெயரும் அளவும் எப்போது தொடங்கினீர்கள் என்பதும் வைத்தியருக்குத் தெரிய வேண்டும். எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது பரிசோதனை முடிவையே மறைக்கக் கூடியது. புதிதாகத் தொற்றிய வைரஸ் மிக நுட்பமான பரிசோதனையிலும் ஒன்றரை வாரமளவு தெரியாமல் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அன்று கொடுக்காமல் விடுங்கள், எச்.ஐ.வி பரிசோதனைக்கு இரத்ததானத்தைப் பாவிக்க வேண்டாம், அரசாங்க ஆஸ்பத்திரியின் எஸ்.டி.டி கிளினிக்கில் அதை இரகசியமாகவும் இலவசமாகவும் செய்யலாம். வைத்தியர் வேண்டாம் என்றால், எதனால், எத்தனை மாசத்துக்கு என்று மரியாதையாகக் கேளுங்கள்.

முகாம் நடத்தும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை. வைத்தியர் கதைக்கும் மேசையைப் பதிவு மேசைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். மண்டபத்தின் மற்ற மூலையில், ஒரு திரை கட்டிப் போடுங்கள். பழைய பெட்ஷீட் ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.